அன்ட்மைனர் எஸ்19ஜே புரோ 485,000 ரூபா: நியாய விலையோ, கொள்ளையோ?

கொக்குவில்பெடியன்:

அண்ணைமார், பிட்கொயின் மைனிங் மெசின் ஒண்டு எடுக்கிற யோசினை. ஒன்லைனிலை மூண்டு இடத்து விலை கையிலை இருக்கு. மூண்டும் ஒண்டுக்கொண்டு பொருந்தேல்லை.

ஒண்டு, கொழும்பிலை இருந்து விக்கிற இணையக்கடை. அன்ட்மைனர் எஸ்19ஜே புரோ, 100 டெராஹாஷ் (மெசின் கணக்குப் போடுற வேகம்), 3,050 வாட், பாவிச்சது. 485,000 ரூபா. பக்கத்திலை 690,000 எண்டு போட்டுக் கோடு கீறியிருக்கு. "இன்னும் 2 மட்டும்" எண்டு சிவப்பிலை மின்னுது. மூண்டு கிழமையா அதே 2 தான்.

இரண்டாவது, வெளிநாட்டு இடைத்தரகர் தளம். அதே மொடல், அதுவும் பாவிச்சது, 550 டொலர். யாழ்ப்பாணம் வரைக்கும் அனுப்புற கூலி 180 டொலர். காசு யூஎஸ்டிடியிலை (டொலருக்குச் சமனா வைச்சிருக்கிற கிரிப்ரோ நாணயம்) மட்டும்தானாம்.

மூண்டாவது பழைய எஸ்9, 13.5 டெராஹாஷ். "புதுசாத் தொடங்கிறவைக்கு ஏற்றது" எண்டு 65,000 ரூபா, பவர் சப்ளை தனியா 28,000.

வீட்டிலை சிங்கிள் பேஸ் 30 ஆம்பியர் லைன், கூரையிலை 5 கிலோவாட் சோலார். கொழும்புக் கடை அடிக்கிறது கொள்ளையோ, இல்லாட்டி வரியும் கூலியும் சேர்ந்தா அவ்வளவு வரத்தான் செய்யுமோ? நியாய விலை எண்டு எதை வைச்சுச் சொல்லுறது?

கணக்குப்பிள்ளை:

தம்பி, முதல்லை ரூபாவை விடுங்கோ. ஒரு டெராஹாஷுக்கு எத்தினை டொலர் எண்டு பாருங்கோ, இந்த மெசினுகளுக்கு விலை பேசுறது அப்பிடித்தான். கணக்கு லேசாக வர டொலரை 300 ரூபா எண்டு வைக்கிறன், அண்டண்டைய விலையைப் போட்டு நீங்கள் திருத்துங்கோ.

கொழும்புக் கடை: 485,000 எண்டா ஏறக்குறைய 1,617 டொலர். டெராஹாஷ் 16 டொலர். வெளிநாட்டுத் தளம்: 5.50 டொலர். எஸ்9: பவர் சப்ளையோடை 93,000 ரூபா, 310 டொலர், அதை 13.5 ஆலை பிரிச்சா 23 டொலர். மலிவு எண்டு காட்டுற சாமான்தான் மூண்டுக்குள்ளையும் விலை கூடினது.

இப்ப இறக்குமதிக் கணக்கு. 550 + 180 = 730 டொலர். 2024 ஜனவரியிலை இருந்து வற் வரி 18 வீதம், அதோடை 861 டொலர், ஏறக்குறைய 258,000 ரூபா. சுங்கத்திலை எந்தக் குறியீட்டிலை போடுறாங்கள் எண்டதைப் பொறுத்து வேறை வரியும் கிளியரிங் காசும் ஏறும். கணினி வகைக்குள்ளை போட்டா ஒரு கதை, வேறை மின்சாதனம் எண்டு போட்டா இன்னொரு கதை. ஒரு 300,000 எண்டே வையுங்கோ. அதுக்கு மேலை 15, 20 வீதம் வைச்சு, மெசினை இஞ்சை ஓட்டிக் காட்டி, மூண்டு மாசமாவது கடையே பொறுப்பெடுத்தா அது வியாபாரம். 485,000 எண்டா 60 வீதத்துக்கு மேலை. கோடு கீறின 690,000 ஐப் பாக்கவே வேண்டாம். அந்தப் பக்கத்தின்ரை பழைய பிரதியை இணையக் காப்பகத்திலை எடுத்துப் பாத்தா, அந்த விலைக்கு ஒருக்காலாவது வித்தவங்களோ எண்டு தெரிஞ்சுபோகும்.

ஆனா முக்கியமான கணக்கு இனித்தான். பிட்கொயினிலை ஒரு நாளைக்குச் சராசரி 144 பிளொக் (கொடுக்கல் வாங்கல் பதிவுக் கட்டு), அதைக் கண்டுபிடிக்கிறவனுக்குப் பரிசாப் புதுப் பிட்கொயின். 2024 ஏப்ரல் பாதியாக்கலுக்குப் பிறகு (அந்தப் பரிசு பாதியாகிறது) ஒரு பிளொக்குக்கு 3.125 பிட்கொயின். ஆக உலகம் முழுக்க ஒரு நாளைக்கு 450 பிட்கொயின். மொத்த வலையமைப்பின்ரை வேகம் 1,000 எக்ஸாஹாஷ் (ஒரு எக்ஸாஹாஷ் பத்து லட்சம் டெராஹாஷ்) எண்டு வைச்சா, உங்கடை 100 டெராஹாஷ் ஒரு கோடியிலை ஒரு பங்கு. 450 ஐ ஒரு கோடியாலை பிரியுங்கோ: 4,500 சற்றோசி (பத்துக் கோடி சற்றோசி ஒரு பிட்கொயின்). பிட்கொயின் 100,000 டொலர் எண்டா நாளுக்கு நாலரை டொலர், 1,350 ரூபா. பரிவர்த்தனைக் கட்டணத்திலை கொஞ்சம் வரும், பூல்காரன் (கன பேரின்ரை மெசினைச் சேர்த்து ஓட்டி உழைப்பைப் பிரிக்கிறவன்) ஒண்டு இரண்டு வீதம் எடுப்பான், இரண்டும் கிட்டத்தட்டச் சரி.

கரண்ட்: 3.05 கிலோவாட், 24 மணித்தியாலம், 73.2 யூனிட். 1,350 ஐ 73.2 ஆலை பிரிச்சா 18 ரூபா 44 சதம். உங்கடை யூனிட் விலை அதுக்கு மேலை போனா, மெசினைச் சும்மா தந்தாலும் நட்டம். வீட்டுப் பாவனைக் கட்டணத்திலை 180 யூனிட்டுக்கு மேலைதான் உச்சப் படி. இந்த மெசின் அந்த 180 ஐ இரண்டரை நாளிலை முடிச்சுப்போடும். மிச்ச 27 நாளும் உச்ச விலைதான். பில்லை எடுத்து அந்தக் கடைசிப் படியின்ரை விலையை ஒருக்காப் பாருங்கோ.

அதே கணக்கிலை எஸ்9 நாளுக்கு 182 ரூபா உழைக்கும், 31.7 யூனிட் தின்னும். யூனிட் 5 ரூபா 75 சதத்துக்குக் கீழை கிடைச்சாத்தான் பிழைக்கும். எஸ்21, 200 டெராஹாஷ் 3,500 வாட்: 2,700 ரூபா, 84 யூனிட், தாங்குற விலை 32 ரூபா. நியாய விலை எண்டு கேட்டீங்கள் எல்லே, இதுதான் அது. உங்கடை யூனிட் விலைக்கும் மெசின் தாங்குற யூனிட் விலைக்கும் இடையிலை மிச்சம் இருந்தா, அந்த மிச்சத்துக்குத்தான் மெசினுக்கு விலை. மிச்சம் இல்லாட்டி எந்த விலையும் கூடின விலைதான்.

கடைக்காரன்ரை பக்கத்திலை "லாபக் கணிப்பான்" இருக்கும், அதிலை மின்சாரம் 0.05 டொலர் எண்டு முதலே போட்டிருப்பாங்கள். அது 15 ரூபா. அந்தப் பொய் விலையிலை பாத்தாலும் நாளுக்கு 250 ரூபாதான் மிஞ்சும், 485,000 ஐ எடுக்க அஞ்சு வருசத்துக்கு மேலை. அதுக்கு இடையிலை 2028 இலை அடுத்த பாதியாக்கல் வந்து நிக்கும்.

லைன்மேன்:

மேலை சொன்னதுக்கு நான் வயர் பக்கத்தைச் சேர்க்கிறன், அதுவும் விலைக்குள்ளைதான் வரும், கடை சொல்லாது.

3,050 ஐ 230 ஆலை பிரிச்சா 13.3 ஆம்பியர். கெற்றில் மாதிரி அஞ்சு நிமிசம் இல்லை, இரவு பகலா. எஸ்19 வரிசையின்ரை பவர் சப்ளைக்கு இரண்டு கேபிள், கொம்பியூட்டருக்குப் போடுற மாதிரி முனை, ஒண்டு 10 ஆம்பியர் தாங்கும். ஒவ்வொண்டிலையும் 6.6 போகும், அது சரி. பிழை எங்கை வருதெண்டா, இரண்டையும் ஒரு எக்ஸ்ரென்சனிலை குத்தி அதை ஒரு 13 ஆம்பியர் பிளக்கிலை போடுறது. பியூஸ் உடனை போகாது, பிளக் மெல்ல மெல்லச் சூடாகி, பிளாஸ்ரிக் உருகி, சொக்கற்றின்ரை ஸ்பிறிங் தளர்ந்து, பிறகு பொறி பறக்கும். மெயின் போட்டிலை இருந்து தனிப் பிறேக்கர், 4 சதுர மில்லிமீற்றர் வயர், தனித்தனி இரண்டு சொக்கற். "மைனிங் கேபிள்" எண்டு தனி விலை போட்டு விக்கிறது வேறை ஒண்டும் இல்லை, அதே கொம்பியூட்டர் கேபிள்தான். உள்ளை செம்பு 1.5 சதுர மில்லிமீற்றர் இருக்கோ எண்டு மட்டும் பாருங்கோ. 0.75 எண்டு உறையிலை அடிச்சிருந்தா வேண்டாம்.

30 ஆம்பியர் லைனிலை 13 ஐ இது பிடிச்சா, தண்ணி மோட்டரும் ஏசியும் அயனும் மிச்சத்துக்குள்ளை அடிபடும்.

சோலார்: எங்கடை பக்கம் ஒரு கிலோவாட் பனலுக்கு நாளுக்கு 4 யூனிட் எண்டு வைக்கலாம். 5 கிலோவாட்டுக்கு 20. மெசினுக்கு 73. அதை மூட 18 கிலோவாட் வேணும். "சோலார் இருக்குத்தானே, கரண்ட் சும்மா" எண்டு நினைக்கிறதும் பிழை. நெற் எக்கவுண்டிங் எண்டா அந்த 20 யூனிட்டை வித்து வாற காசு போகும். நெற் மீற்றரிங் எண்டா வீட்டுப் பில்லிலை கழிஞ்சது கழியாமல் போகும்.

சூடு: 3,050 வாட் எண்டா மணிக்கு 10,400 பீடியூ வெளியிலை வரும். 12,000 பீடியூ ஏசி ஒண்டு அதை மட்டும் குளிராக்கவே சரி. ஏசி போட்டு இதை ஓட்டினா கணக்குப்பிள்ளையின்ரை கணக்கு இன்னும் கீழை போகும். சூட்டுக் காத்தைக் குழாய் வைச்சு வெளியிலை தள்ளுறதுதான் வழி. சத்தம் 75 டெசிபல், படுக்கிற அறைக்குப் பக்கத்துச் சுவர் ஏலாது. சோளகம் தொடங்கினாப் புழுதி ஹீற்சிங்குக்குள்ளை அப்பும், ஃபில்ரர் போட்டா காத்தோட்டம் குறையும், அதைக் கிழமைக்கு ஒருக்காத் தட்ட வேணும். குருநகர், பாசையூர் பக்கம் எண்டா உப்புக் காத்து, மெசினின்ரை சர்க்கிற் போட்டுகளிலை பச்சை பூத்திடும். கொக்குவில் அவ்வளவு மோசமில்லை.

சுன்னாகத்தான்:

கொள்ளை கொள்ளை எண்டு எல்லாரும் சொல்லுறதிலை எனக்கு முழு உடன்பாடு இல்லை. மெசின் செய்யிற கம்பனியே நிலையான விலை வைக்கிறதில்லை. பிட்கொயின் ஏறினா அதே மெசினின்ரை விலையை அவையும் ஏத்துவினம், இறங்கினா கூப்பன் குடுப்பினம். கொழும்புக்காரன் ஆறு மாசத்துக்கு முதல் கூடின விலைக்கு வாங்கி வைச்சிருந்தா அவன் நட்டத்துக்கு விக்க மாட்டான். டொலர் ஏறி இறங்கிற ஆபத்தும் அவன்ரை தலையிலை.

2020 செப்ரெம்பரிலை ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்ட் 699 டொலருக்கு வந்தது. 2021 இலை அந்த விலையின்ரை இரண்டு மடங்குக்கு மேலை குடுத்தும் சனம் வாங்கினது, அந்தக் கார்ட்டாலை செய்த எதேரியம் (பிட்கொயின் மாதிரி இன்னொரு நாணயம்) மைனிங் அந்த விலையைத் தாங்கினது. என்விடியா மைனிங்கைக் குறைக்கிற பூட்டுப் போட்ட கார்ட்டுகளை விட்டுப் பாத்தது, விலை இறங்கேல்லை. இறங்கினது 2022 இலை, கிரிப்ரோ விலை விழுந்த பிறகு. அந்த வருசம் செப்ரெம்பர் 15 எதேரியம் மைனிங்கையே நிப்பாட்டினது. விலையை ஏத்துறது கடைக்காரன் மட்டும் இல்லை, வாங்கிறவன்ரை கணக்கும்தான்.

கணக்குப்பிள்ளை:

ஏத்தம் இறக்கம் சரி, சுன்னாகத்தான். அப்ப ஏறினது கார்ட் உழைச்சபடியால். இஞ்சை எஸ்9ஐ டெராஹாஷ் 23 டொலருக்கு விக்கிறதை எந்த உழைப்பு தாங்குது? பழைய விலைக்கு வாங்கினது அவன்ரை பிரச்சினை, அதை வாங்கிறவனிலை கட்டி விடேலாது.

முற்பணம் கட்டி மூண்டு மாசத்திலை வரும் எண்டு விக்கிறதையும் இதோடை சேருங்கோ. பிளொக் கண்டுபிடிக்கிற கடினம் 2,016 பிளொக்குக்கு ஒருக்கா, ஏறக்குறைய இரண்டு கிழமைக்கு ஒருக்கா மாறும். ஒவ்வொரு தடவையும் 3 வீதம் ஏறுது எண்டு வைச்சா, ஆறு தடவையிலை 19 வீதம் கூடிடும். மெசின் கைக்கு வரமுன்னமே உழைப்பிலை 16 வீதம் போச்சு. விலை மட்டும் கட்டின அண்டைய விலை.

பனங்கொட்டை:

விலை பேசமுதல் சாமான் என்ன எண்டு தெரிய வேணும். ஒரே பேரிலை வேறை சாமான் விக்கிறதுதான் ஒன்லைனிலை கனக்க நடக்கிறது.

எஸ்19 எண்டது 95 டெராஹாஷ், எஸ்19 புரோ 110, இரண்டும் 3,250 வாட். பெட்டியைப் பாத்தா வித்தியாசம் தெரியாது. தலைப்பிலை புரோ, படத்திலை சாதா. கேர்னல் லொக்கை (மெசின் தானே எழுதுற பதிவு) கேளுங்கோ, அதிலை ஒவ்வொரு ஹாஷ் போட்டிலையும் (சிப் பொருத்தின பலகை) எத்தினை சிப் கண்டுபிடிச்சது எண்டு எழுதியிருக்கும். எஸ்19 க்கு 76, எஸ்19 புரோவுக்கு 114, எஸ்19ஜே புரோவுக்கு 126. ஒரு மெசினுக்கு மூண்டு போட். எஸ்9 எண்டா 63 படி மூண்டு.

டாஷ்போட் படத்தை மட்டும் நம்பாதீங்கோ. வேறை ஃபேம்வேர் (மெசினை ஓட்டுற மென்பொருள்) போட்டு அடிச்சு ஏத்தினா ஒரு மணித்தியாலத்துக்கு 115 காட்டும், வாட்டும் சூடும் சேர்ந்து ஏறும், கம்பனி உத்தரவாதமும் போகும். பூல் பக்கத்திலை 24 மணித்தியாலச் சராசரியைப் பாக்கிற இணைப்பைக் கேளுங்கோ. பூல் எண்ணுறது ஏத்துக்கொண்ட வேலையை மட்டும், அதிலை பூச்சுப் பூசேலாது. சில ஃபேம்வேர் உழைப்பிலை இரண்டு மூண்டு வீதத்தைச் செய்தவனுக்கு அனுப்பும், வந்தவுடனை கம்பனி ஃபேம்வேரை மெமரிக் கார்ட்டாலை திரும்பப் போடுங்கோ.

எஸ்17, டி17 மலிவாக வந்தா விடுங்கோ. அந்த வரிசையிலை சிப்புக்கு மேலை ஒட்டின ஹீற்சிங் கழண்டு விழுந்து பக்கத்துச் சிப்பைச் சோட் பண்ணுறது ஊரறிஞ்ச கதை. ஃபேன் இல்லாமல் வாற மெசின் எண்டா எண்ணெய்க்குள்ளை தாட்டு ஓட்டினதா இருக்கும், கொனெக்ரரிலை பிசுபிசுப்பு இருந்தா அதுதான். அப்பிடி வந்ததுக்கு 120 மில்லிமீற்றர், 38 தடிப்பு ஃபேன் நாலு வாங்க வேணும், அந்தக் காசை விலையிலை கழியுங்கோ.

உத்தரவாதம் "ஒரு வருசம்" எண்டு போடுவாங்கள். அது கம்பனி அனுப்பின நாளிலை இருந்து, உங்கடை கைக்கு வந்த நாளிலை இருந்து இல்லை. சீரியல் நம்பரைக் கேட்டு, கம்பனித் தளத்திலை போட்டா எப்ப முடியுது எண்டு காட்டும். நம்பர் தர மாட்டன் எண்டா அதோடை கதை முடிஞ்சுது.

கூலி 180 டொலரிலையும் கவனம். எஸ்19 பெட்டி ஏறக்குறைய 57, 32, 43 சென்ரிமீற்றர். பெருக்கி 5,000 ஆலை பிரிச்சா 15.7 கிலோ, தராசு நிறையும் கிட்டத்தட்ட அதுதான். 20, 25 கிலோ எண்டு கணக்குக் காட்டினா அதிலையும் அடிக்கிறான். "பில்லிலை 100 டொலர் எண்டு போடுறன், வரி குறையும்" எண்டு சொன்னா ஒத்துக்கொள்ளாதீங்கோ. சுங்கம் தன்ரை மதிப்பைப் போட்டுத் தண்டமும் வைக்கும், வழியிலை உடைஞ்சாக் காப்புறுதியும் 100 டொலருக்குத்தான்.

யூஎஸ்டிடி மட்டும் எண்டதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. அனுப்பினா அனுப்பினதுதான், திருப்பிக் கேக்க ஆளில்லை. இடைத்தரகர் தளத்திலையே காசைப் பிடிச்சு வைச்சு, சாமான் வந்த பிறகு விடுற முறை இருக்கும். "ரெலிகிராமுக்கு வாங்கோ, 30 டொலர் குறைக்கிறன்" எண்டு இழுக்கிறது அந்தப் பாதுகாப்பிலை இருந்து வெளியிலை எடுக்கத்தான்.

சட்டப்புத்தகம்:

கொள்ளை விலை என்று முறையிடலாமா என்பதற்கு மட்டும் பதில். இலங்கையில் அதிகபட்ச சில்லறை விலை அரசாணையால் குறிக்கப்பட்ட பொருள்களுக்கும், உற்பத்தியாளரோ இறக்குமதியாளரோ விலை அச்சிட்ட பொருள்களுக்கும்தான் அதை மீறி விற்பது குற்றம். மைனிங் மெசினுக்கு அப்படி ஒரு விலை இல்லை. ஆகவே 485,000 என்பது தன்னளவில் சட்டமீறல் ஆகாது.

ஆனால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொய்யான விவரம் சொல்லி விற்பதையும், ஏமாற்றும் நடத்தையையும், கேட்டும் பற்றுச்சீட்டுத் தராததையும் பிடிக்கும். ஒருபோதும் விற்காத 690,000 ஐக் கோடு கீறிக் காட்டுவது, 95 டெராஹாஷை 110 என்று எழுதுவது ஆகியவற்றை அந்தக் கோணத்தில் வையுங்கள். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். தொலைபேசி 1977. விளம்பரப் பக்கத்தின் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷொட்) திகதியோடு வாங்கும் முன்னரே எடுத்து வையுங்கள். வெளிநாட்டுத் தளத்துக்கு இது எட்டாது.

இன்னொன்று. கிரிப்ரோ தொடர்பான திட்டங்களுக்கோ, மைனிங் நடவடிக்கைக்கோ, மாற்று நிலையங்களுக்கோ தான் எவருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி பொது அறிவித்தலில் சொல்லியிருக்கிறது. 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வந்த 2021 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கப் பணிப்பின்படி, மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கலுக்கு டெபிட், கிரெடிட் அட்டைகளைப் பயன்படுத்த முடியாது. ஆக, யூஎஸ்டிடியை அட்டையால் வாங்கி மெசினுக்குக் கட்டும் யோசனை தொடக்கத்திலேயே நின்றுவிடும். "மத்திய வங்கி அனுமதி பெற்ற மைனிங் நிறுவனம்" என்று ஒரு கடை போட்டிருந்தால், அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

கொக்குவில்பெடியன்:

எல்லாருக்கும் நன்றி. பில்லின்ரை கடைசிப் படியைப் பாத்தன், 18 ரூபாவுக்கு நல்லா மேலை. எஸ்9 வெட்டியாச்சு. அதே கொழும்புக் கடையிலை சின்னச் சாமான் இரண்டு இருக்கு: "நேர்ட்மைனர்" 18,000 ரூபா, "பிற்அக்ஸ் காமா" 75,000. கரண்ட் சாப்பிடாது எண்டுறாங்கள். இதிலை ஏதும்?

பூல் இணைப்புக் கேட்டதுக்கு எஸ்19ஜே புரோவின்ரை டாஷ்போட் படம் மட்டும் அனுப்பினாங்கள். சிப் எண்ணிக்கை எண்ட இடத்திலை 126, 126, 0 எண்டு இருக்கு.

பனங்கொட்டை:

நேர்ட்மைனர் எண்டது ஈஎஸ்பி32 போட் ஒண்டு, சின்னத் திரையோடை. ஃபேம்வேர் இலவசம், போட்டை நீங்களே வாங்கி யூஎஸ்பி வயராலை ஏத்தலாம். ஓடுறது கிலோஹாஷ் கணக்கிலை. 100 டெராஹாஷ் மெசின் அதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு. மேசையிலை வைச்சுப் பாக்க வடிவு, 18,000 க்கு இல்லை.

பிற்அக்ஸ் உண்மையான மைனர்தான். காமா மொடலிலை எஸ்21 புரோவிலை வாற சிப் ஒண்டு, 1.2 டெராஹாஷ், 18 வாட் அளவு. மாசம் 13 யூனிட், அது சின்னக் காசு. வடிவமைப்புத் திறந்த மூலம், ஆரும் செய்யலாம், அதாலைதான் ஒவ்வொரு தளத்திலையும் ஒவ்வொரு விலை. வாங்கிறதெண்டாப் பல இடத்திலை ஒப்பிட்டு, 5 வோல்ற் 6 ஆம்பியர் அடப்ரர் சேர்ந்துதோ எண்டு கேட்டு வாங்குங்கோ. போன் சார்ஜர் குத்தினா விட்டு விட்டு ஓடும். தனியா ஓட்டி ஒரு பிளொக் அடிக்கிற வாய்ப்பு, 1,000 எக்ஸாஹாஷ் வலையமைப்பிலை, சராசரி 15,800 வருசத்துக்கு ஒருக்கா. லொத்தர் ரிக்கற் எண்டு தெரிஞ்சு வாங்கிறவைக்குப் பரவாயில்லை.

கணக்குப்பிள்ளை:

126, 126, 0 எண்டா மூண்டாவது போட் இல்லை, இல்லாட்டிச் செத்துப்போச்சு. டேற்றாக் கேபிளை மற்றப் போட்டோடை மாத்திக் குத்தி, பவர் தகட்டின்ரை திருகாணியளை இறுக்கி, திரும்பப் போட்டுப் படம் அனுப்பச் சொல்லுங்கோ. கேபிளோடை சேர்ந்து 0 மற்ற இடத்துக்கு மாறினாக் கேபிள் பிழை, மலிவு. மாறாமல் அதே போட்டிலை நிண்டா அது 66 டெராஹாஷ் மெசின். 485,000 ஐ அதாலை பிரிச்சுப் பாருங்கோ: டெராஹாஷ் 24 டொலர். எஸ்9ஐயும் தாண்டிப்போச்சு.